ஊரைப் பிடி… பட்டத்தை வாங்கு!

பாண்டிச்சேரின்னு சொன்னதும் உங்க மனசுக்குள்ள என்ன ஸ்லைடு ஷோ ஓடும்னு தெரியும். மஞ்சள் பெயின்ட் அடிச்ச சுவர், காகிதப்பூ தொங்குற வாசல், காந்தி சிலை, கையில ஒரு ஐஸ்க்ரீம், பத்து போஸ், இருபது போட்டோ. அப்புறம் ஈசிஆர்ல பஸ் ஏறி நேரா ஹாஸ்டல். அவ்வளவுதானே? இந்த வாரம் அந்த ரூட்டைக் கொஞ்சம் மாத்திப் பார்ப்போமா?

காந்தி சிலைக்கு முதுகைக் காட்டி, கடல் உங்க வலது கைப் பக்கம் இருக்கிற மாதிரி வடக்கே நடங்க. பீச் ரோடு முடியும். சுண்டல், பலூன், டூரிஸ்ட் கூட்டம் எல்லாம் முடியும். குருசுக்குப்பத்தைத் தாண்டினா வைத்திக்குப்பம். காந்தி சிலையிலிருந்து சோம்பேறித்தனமா நடந்தாலும் அரை மணி நேரத்துக்கு மேல ஆகாது. ஆனா ஊரே மாறிடும். கருங்கல் கொட்டின கரை, வலையைப் பிரிச்சு வெச்சு உட்கார்ந்திருக்கிற பெரியவங்க, வெயில்ல காயுற மீன், வரிசையா ஃபைபர் படகுகள். ஒவ்வொரு படகிலும் ஒரு சாமி பேரு, ஒரு பிள்ளை பேரு, பதிவு நம்பர்.

அந்தக் கருங்கல்லுக்கும் ஒரு கதை இருக்கு. 1989 வாக்குல தெற்கே அரியாங்குப்பம் ஆத்து முகத்துவாரத்துல துறைமுகத்துக்காகக் கடலுக்குள்ள அலைதடுப்புக் கல் கட்டினாங்க. இந்தக் கடற்கரையில மணல் வருஷத்துல பெரும்பாலான மாசம் தெற்கிலிருந்து வடக்கே நகரும். அதை நடுவுல தடுத்ததும் வடக்குப் பக்கத்துக்கு மணல் வரவு நின்னுபோச்சு. கடல் கரையைத் தின்ன ஆரம்பிச்சது. கல்லைக் கொட்டித்தான் ஊரைக் காப்பாத்த வேண்டியிருந்தது. அதனால வைத்திக்குப்பத்துக்காரங்களுக்குப் படகு ஏத்த மணல்னா என்ன விலைன்னு நல்லாத் தெரியும்.

சரி, இங்கே உட்கார்ந்து கடலைப் பாருங்க. இந்தத் தண்ணியில வந்து நின்ன கப்பல்களால இங்கிலாந்துல ஒரு குடும்பம் பரம்பரைப் பட்டம் வாங்கிச்சுன்னா நம்புவீங்களா? ஒண்ணு இல்ல பாஸ்... கணக்குப் பார்த்தா மூணு குடும்பம்!

'சர்'ல ரெண்டு வகை

முதல்ல ஒரு சின்ன விளக்கம். பேருக்கு முன்னால 'சர்' போட்டுக்கிற வெள்ளைக்காரங்க எல்லாரும் ஒரே ரகம் இல்ல. 'நைட்' பட்டம் வாங்கினவர் செத்துட்டா பட்டமும் அவரோட போயிடும். 'பாரனெட்' பட்டம் அப்படி இல்ல. அப்பாவுக்கு அப்புறம் மூத்த மகன், அவனுக்கு அப்புறம் அவன் மகன்னு வீட்டுப் பத்திரம் மாதிரி கைமாறிக்கிட்டே போகும். பொண்ணுங்களுக்கு? பொதுவா கிடையாது. வீட்டுல ஏழு பொண்ணு இருந்தாலும் பட்டம் சித்தப்பா பையனைத் தேடிப் போகும். அப்படி ஒருத்தரும் கிடைக்கலைன்னா பட்டம் அழிஞ்சு போகும். இவ்வளவு பந்தா இருந்தும் இதை வெச்சு பிரபுக்கள் சபையில நாற்காலி கிடைக்காது. பிரபுவுக்குக் கீழே, சாதா நைட்டுக்கு மேலேன்னு நடுவுல தொங்குற பட்டம்.

இது எப்படி வந்துச்சு தெரியுமா? சுத்தமான வியாபாரம். 1611-ல முதலாம் ஜேம்ஸ் ராஜாவுக்குப் பணமுடை. அயர்லாந்தின் வடக்கே அல்ஸ்டர் பகுதியைக் கையில வெச்சிருக்கப் படை வேணும். படைக்குச் சம்பளம் வேணும். என்ன பண்ணினார்? புதுசா ஒரு பட்டத்தை உண்டாக்கி விலை போட்டார். முப்பது சிப்பாய்களுக்கு மூணு வருஷச் சம்பளம். மொத்தம் 1,095 பவுண்டு. ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு பென்ஸ். கால்குலேட்டர் எடுத்துப் போட்டுப் பாருங்க, கணக்கு கரெக்டா வரும்! நம்ம ஊர்ல டொனேஷன் கட்டி சீட் வாங்குறதைத் திட்டுறோம். அவங்க நானூறு வருஷத்துக்கு முன்னாலயே 'சர்'க்கு டொனேஷன் வாங்கியிருக்காங்க.

பரீட்சை இல்லாத காலேஜ்

பட்டம் வந்தா மட்டும் போதுமா, லோகோ வேணாமா? அதுக்குத்தான் குலச்சின்னம். அந்தக் காலத்துல போர்வீரன் தலையிலிருந்து கால் வரைக்கும் இரும்புக்குள்ள இருப்பான். யாரு என்னன்னு முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால கேடயத்துல படம் போட்டான். பின்னாடி போர் போச்சு, இரும்புச் சட்டை போச்சு, படம் மட்டும் குடும்பச் சொத்தா நின்னுபோச்சு.

யார் என்ன படம் போட்டுக்கலாம்னு முடிவு பண்ண லண்டன்ல ஒரு ஆபீஸே இருக்கு. பேரு 'காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்'. 1484-ல ஆரம்பிச்சது. பேருதான் காலேஜ். அட்டென்டன்ஸ் கிடையாது, அரியர்ஸும் கிடையாது. அங்கே இருக்கிறவங்க வேலை, எந்தக் குடும்பத்துக்கு எந்தச் சின்னம்னு பதிவு பண்ணி வெக்கிறதும், யாரு யாருக்குப் பிள்ளைன்னு வம்சாவளி எழுதி வெக்கிறதும்தான்.

சின்னம் போடுறதுக்கு விதிமுறை வேற. தங்கமும் வெள்ளியும் 'உலோகம்'. சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை எல்லாம் 'வண்ணம்'. உலோகத்து மேல உலோகம் போடக் கூடாது, வண்ணத்து மேல வண்ணம் போடக் கூடாது. மஞ்சள் மேல வெள்ளை எழுத்து போட்டா தூரத்திலிருந்து தெரியாதில்ல? அதேதான் காரணம். போஸ்டர் டிசைன் பண்ற விஸ்காம் மாணவர்கள் இதை மட்டும் குறிச்சு வெச்சுக்கலாம். நம்ம ஊர் கட்சிக் கொடிகள்ல இந்த விதியைத் தேடாதீங்க, ஏமாந்துபோவீங்க.

பாரனெட் குடும்பத்துக் கேடயம்னா அதுல கூடுதலா ஒரு அடையாளம் இருக்கும். வெள்ளைக் கட்டத்துக்குள்ள சிவப்பு நிறத்துல ஒரு இடது கை. அது அல்ஸ்டர் நாட்டின் அடையாளம். அதுக்குப் பின்னால அயர்லாந்துல ஒரு கதை சொல்வாங்க. ரெண்டு பேர் படகு ரேஸ் விட்டாங்களாம். யார் கை முதல்ல கரையைத் தொடுதோ அவனுக்கு நாடு. பின்தங்கின ஒருத்தன் தன் கையையே வெட்டிக் கரைக்கு வீசிட்டானாம்! நாடு அவனுக்கு. கதைதான். ஆனா வைத்திக்குப்பத்துப் படகுக்காரர் யார்கிட்டயாவது சொல்லிப் பாருங்க. 'கை போனா அப்புறம் துடுப்பை எவன் புடிக்கிறது?'ன்னு கேட்டாலும் கேட்பாங்க!

மூணு முற்றுகை, மூணு குடும்பம்

இப்ப மேட்டருக்கு வருவோம்.

ரவுண்டு ஒண்ணு. 1761 ஜனவரி 16. மாசக்கணக்கா முற்றுகை போட்டு, பசியில வாடின பாண்டிச்சேரி பிரிட்டிஷ்காரங்க கையில விழுந்துச்சு. களத்துல நின்னவர் அயர் கூட். அப்ப சென்னைக் கவர்னர் ஜார்ஜ் பிகட். ஊரு யாருக்குச் சொந்தம்னு ராணுவத்துக்கும் கம்பெனிக்கும் சண்டையே வந்துச்சு. கடைசியில பிகட் ஜெயிச்சார். கோட்டையை இடிச்சுத் தரைமட்டமாக்கினாங்க. இன்னைக்கு நீங்க போட்டோ எடுக்கிற பிரெஞ்சு வீதிகள்ல பெரும்பாலான வீடுகள் அதுக்கு அப்புறம் மறுபடி கட்டினவை. 1764-ல பிகட் பாரனெட் ஆனார். அவருக்கு முறைப்படி வாரிசு இல்ல. பட்டம் தம்பி ராபர்ட்டுக்குப் போச்சு. அந்தத் தம்பி 1775-ல அமெரிக்காவுல பங்கர் ஹில் போர்க்களத்துல நின்னவர்.

ரவுண்டு ரெண்டு. இதுதான் அல்டிமேட். 1778 பிப்ரவரியில அமெரிக்க விடுதலைப் போருக்கு பிரான்ஸ் கைகொடுத்துச்சு. அதனால பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் முட்டிக்கிச்சு. எங்கேயோ அட்லான்டிக் பக்கம் எழுந்த தகராறுக்கு இங்கே வங்கக் கடலோரம் வெடி வெடிச்சது. ஆகஸ்ட்டுல ஹெக்டர் மன்றோ தலைமையில படை வந்து பாண்டியைச் சுத்தி வளைச்சது. ஆகஸ்ட் 10-ந் தேதி இந்தக் கடல்லயே ரெண்டு நாட்டுக் கப்பல்களும் மோதிக்கிட்டு, பிரெஞ்சுக் கப்பல்கள் பின்னால கிளம்பிப் போயிடுச்சு. கவர்னர் பெல்கோம் ரெண்டு மாசத்துக்கு மேல தாக்குப் பிடிச்சார். அக்டோபர்ல ஊர் சரண்.

இதுக்குப் பரிசு யாருக்கு? வெடிகுண்டுக்கு நடுவுல நின்ன மன்றோவுக்கு நைட் பட்டம். அவரோட முடிஞ்சுபோறது. சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில கவர்னர் நாற்காலியில உட்கார்ந்திருந்த தாமஸ் ரம்போல்டுக்கு? 1779-ல பாரனெட். பேரன், கொள்ளுப்பேரன் வரைக்கும் ஓடுற பட்டம்! குரூப் புராஜெக்ட்ல ராத்திரி முழிச்சு கோடிங் எழுதினவன் ஒருத்தன், முதல் பக்கத்துல பேர் போட்டுக்கிட்டவன் ஒருத்தன்... இந்தக் கதை உங்க டிபார்ட்மென்ட்ல மட்டும் நடக்கலைங்க.

ரம்போல்டு சும்மா வந்தவர் இல்ல. 1752-ல பதினாறு வயசுல கம்பெனியில குமாஸ்தாவா சேர்ந்து, பேனாவைப் போட்டுட்டுத் துப்பாக்கியை எடுத்து, திருச்சிராப்பள்ளிப் பக்கத்துச் சண்டைகளைப் பார்த்து, பிளாசியில கிளைவுக்கு உதவியாளரா நின்னவர். வங்காளத்துல பணம் சேர்த்து, லண்டன் திரும்பி எம்.பி. ஆகி, அப்புறம் சென்னைக்குக் கவர்னரா வந்தார். 'அந்தாளு லண்டன் கிளப்புல சர்வரா இருந்தவன்'னு அவரைப் பிடிக்காதவங்க அந்தக் காலத்துல கதை கட்டிவிட்டாங்க. புதுப் பணக்காரன் மேல பழைய பணக்காரனுக்கு இருக்கிற வயித்தெரிச்சல் எந்த ஊர்லயும் ஒண்ணுதான்.

ரவுண்டு மூணு. 1793 ஆகஸ்ட். நடுவுல 1785-ல பாண்டி பிரெஞ்சுக்காரங்க கைக்குத் திரும்பிப் போயிருந்துச்சு. அதுக்குள்ள பிரான்சுல புரட்சி. 1790 ஜூன்லயே பரம்பரைப் பட்டம், குடும்பச் சின்னம் எல்லாத்தையும் அங்கே சட்டம் போட்டு ஒழிச்சுட்டாங்க. அப்படிப் பட்டமே வேணாம்னு சொன்ன குடியரசோட ஊரைப் பிடிச்சவர் ஜான் பிரெய்த்வெய்ட். அவருக்கு 1802-ல கிடைச்சது என்ன? பாரனெட் பட்டம்! ஆனா அவர் வம்சத்துக்கு அதிர்ஷ்டம் குறைவு. 1809-லயே வாரிசு இல்லாம அந்தப் பட்டம் அழிஞ்சுபோச்சு. ஏழே வருஷம். சில பேரோட அரியர்ஸ்கூட அதைவிட நீளமா ஓடும்.

பில் யார் கட்டினது?

இங்கேதான் கொஞ்சம் நிதானமா யோசிக்கணும். ரம்போல்டு வீட்டுக் கேடயத்துல அந்தச் சிவப்புக் கை ஏறுறதுக்கு நிஜமான விலை என்ன?

பாண்டிச்சேரி விழுந்த அடுத்த சில மாசத்துல, 1779 மார்ச்ல, மேற்குக் கடற்கரையில இருக்கிற பிரெஞ்சு மாஹேயையும் பிரிட்டிஷ்காரங்க பிடிச்சாங்க. பிடிச்சவர் அதே பிரெய்த்வெய்ட். மைசூர் ஹைதர் அலிக்கு ஆயுதமும் மருந்தும் வந்து இறங்குற வாசல் அந்த மாஹே. 'தொடாதே'ன்னு அவர் சொல்லியும் தொட்டுட்டாங்க. கோபம் பொங்குச்சு. ரம்போல்டு 1780-ல உடம்பு சரியில்லைன்னு கப்பல் ஏறிட்டார். அந்த ஜூலையில ஹைதர் படை மலையிறங்கி ஆற்காட்டுச் சீமைக்குள்ள வந்துச்சு. ஊர் ஊரா எரிஞ்சது. செப்டம்பர்ல காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துல பொள்ளிலூர்ல கம்பெனிப் படை சின்னாபின்னம். 1782-ல கொள்ளிடக் கரையில திப்பு சுல்தான் சுத்தி வளைச்சு பிரெய்த்வெய்டையே கைதியாக்கினார். அவர் 1784-ல உயிரோட திரும்பி, பின்னாடி பட்டமும் வாங்கினார். அவர்கூட நின்ன சிப்பாய்கள் நிறையப் பேர் திரும்பலை.

போரோட கையைப் பிடிச்சுக்கிட்டு பஞ்சம் வந்துச்சு. கிராமத்துல விதைக்க ஆள் இல்ல, விளைஞ்சதை அறுக்க ஆள் இல்ல. பிழைக்க வழி தேடி ஜனங்க சென்னைப் பட்டணத்துக்கு வந்து குவிஞ்சாங்க. அவங்களுக்குக் கஞ்சி ஊத்த 1782-ல ஒரு இடம் ஏற்பாடாச்சு. மணியக்காரர் சத்திரம். அந்தச் சத்திரத்து வைத்தியசாலை வளர்ந்து வளர்ந்துதான் இன்னைக்கு வடசென்னையில நிக்குற ஸ்டான்லி அரசு மருத்துவமனை. பழைய ஆளுங்க இன்னும் அதைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி'ன்னுதான் சொல்வாங்க. ஸ்டான்லி மெடிக்கல் காலேஜ் ஃப்ரெண்ட்ஸ், உங்க காலேஜோட வம்சாவளியில ஒரு கஞ்சித் தொட்டி இருக்கு. எந்தக் கேடயத்தைவிடவும் அது பெருமையான சின்னம். தாராளமா சொல்லிக்கலாம்.

லண்டன்லயும் சும்மா விடலை. 1781-ல கம்பெனி டைரக்டர்கள் ரம்போல்டை டிஸ்மிஸ் பண்ணினாங்க. ஜமீன்தார்கள்கிட்ட காசு பார்த்தார்னு புகார். 1782-ல பாராளுமன்றத்துல அவர் மேல தண்டனை மசோதாவே வந்துச்சு. விசாரணை இழுத்துச்சு, 1783-ல அப்படியே அமுங்கிப் போச்சு. வேலை போச்சு, பேர் கெட்டுச்சு. ஆனா பட்டம்? அது மட்டும் பத்திரம்! பரம்பரைப் பட்டத்தோட விசேஷமே அதான். சம்பாதிச்சவன் மேல கேஸ் நடந்தாலும் பேரன் பேருக்கு முன்னால 'சர்' நிக்கும்.

அப்புறம் அந்தக் குடும்பம்?

சினிமா மாதிரி இருக்கும் கேளுங்க.

ரெண்டாவது பாரனெட் ஜார்ஜ் ரம்போல்டு. ஜெர்மனியில ஹாம்பர்க் நகரத்துல பிரிட்டிஷ் தூதர். 1804 அக்டோபர் மாசம் ஒரு ராத்திரி, நெப்போலியனோட சிப்பாய்கள் வீடு புகுந்து அவரைத் தூக்கிக்கிட்டுப் போய் பாரிஸ் ஜெயில்ல வெச்சுட்டாங்க. பிரஷ்ய ராஜா சத்தம் போட்ட பிறகுதான் விட்டாங்க. அப்பா பிரெஞ்சுக்காரங்க ஊரைப் பிடிச்சுப் பட்டம் வாங்கினார். அந்தப் பட்டத்தைச் சுமந்த பிள்ளையை பிரெஞ்சுக்காரங்க பிடிச்சுட்டாங்க!

மூணாவது பாரனெட் வில்லியம் ரம்போல்டு. தாத்தா ரூட்ல மறுபடி இந்தியா. ஹைதராபாத்துல பாமர் கம்பெனின்னு ஒரு வட்டிக் கடை. நிஜாம் அரசுக்கே கடன் கொடுத்து, வட்டி மேல வட்டியா ஏத்தின கடை. அதுல இவர் பார்ட்னர். கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸ் பிரபு வளர்த்த பொண்ணுதான் இவர் மனைவி. 'வேண்டப்பட்டவங்களுக்குச் சலுகை'ன்னு லண்டன்ல பெரிய ரகளை. 1823-ல ஹேஸ்டிங்ஸ் பதவியை விட்டுப் போனதுல அந்த ரகளைக்குப் பெரிய பங்கு உண்டு. வில்லியம் 1833-ல ஹைதராபாத்துலயே கண்ணை மூடினார்.

அவரோட பையன், 1829-ல கல்கத்தாவுல பிறந்த ஹொரேஸ், எட்டாவது பாரனெட். ஆஸ்திரியாவுல பிரிட்டிஷ் தூதர். அவரோட மகன், அவர் பேரும் ஹொரேஸ், ஒன்பதாவது. இவரை மறக்கக் கூடாது. 1928-லிருந்து 1933 வரைக்கும் பெர்லின்ல தூதர். ஹிட்லர் பதவிக்கு வந்த மூணாவது மாசமே, 1933 ஏப்ரல்ல, ஹிட்லரோட புத்தகத்தைப் படிச்சுட்டு, 'இந்த ஆள் எழுதினதைச் செய்யத்தான் போறான், இவன் பேசுற சமாதானத்தை நம்பாதீங்க'ங்கிற அர்த்தத்துல லண்டனுக்கு நீளமா ஒரு அறிக்கை அனுப்பினார். பல பேர் தூங்கிக்கிட்டிருந்த நேரத்துல எழுப்பின மணி அது. மணி அடிச்சும் லண்டன் எழுந்துக்கலைங்கிறது வேற கதை.

கவனிச்சீங்களா? ஒரே ரத்தம், ஒரே கேடயம். ஒருத்தர் மேல ஊழல் புகார், ஒருத்தர் ஜெயில், ஒருத்தர் வட்டிக் கடை, ஒருத்தர் உலகத்தையே எச்சரிச்ச மனுஷன். பரம்பரைக் குணம்னு எதைச் சொல்றது? ஒவ்வொருத்தரும் அவங்கவங்க செஞ்சதுக்குத்தான் நிக்குறாங்க. சிவப்புக் கைக்கு அதுல எந்தப் பங்கும் இல்ல.

மீன் கொடி

'நம்ம ஊர்ல இப்படி ஒண்ணும் இல்லையா?'ன்னு கேட்பீங்க. ஏன் இல்ல? சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்குக் கயல். பத்தாம் வகுப்பு ஒரு மார்க் கேள்வி. காசுலயும் முத்திரையிலயும் போட்டாங்க, கொடியிலயும் பறக்கவிட்டாங்க.

பாண்டிச்சேரிக்கே ஒரு மீன் கதை உண்டு. 1750 கடைசியில தக்காண அரியணைக்கு டூப்ளே உதவியோட வந்தவர் முசாஃபர் ஜங். பதிலுக்கு டூப்ளேவுக்கு ஏழாயிரம் குதிரைக்கு அதிபதிங்கிற மரியாதையையும், 'மாஹி மராத்திப்'ங்கிற கொடி மரியாதையையும் கொடுத்தார். அது என்ன? மீன் உருவம் தாங்கின விருது! மொகலாய ராஜ்யத்துல ரொம்பப் பெரிய கௌரவம். பாண்டிச்சேரியில ஆயிரக்கணக்கான மீனவர்கள் தலைமுறை தலைமுறையா மீன் பிடிச்சுக்கிட்டிருக்க, மீன் கொடி போச்சு பிரெஞ்சுக்காரர் கைக்கு. 1754-ல அவரைத் திருப்பிக் கூப்பிட்டுக்கிட்டாங்க. 1763-ல பாரிஸ்ல கடனோட செத்தார். இப்ப பீச் ரோட்டுத் தெற்குக் கோடியில சிலையா நிக்குறார். கையில மீனும் இல்ல, கொடியும் இல்ல.

அவரோட தலைமை துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736-லிருந்து 1761 வரைக்கும் டைரி எழுதி வெச்ச புண்ணியவான். மேளதாளத்தோட கவர்னர் மாளிகைக்குள்ள பல்லக்குல போற உரிமை அவருக்கு இருந்துச்சு. தங்கப் பிடி போட்ட கைத்தடி, ஜரிகை வெச்ச செருப்பு... எல்லாமே விருது. யாருக்கு எத்தனை குண்டு மரியாதை போட்டாங்க, யாரை எங்கே உட்கார வெச்சாங்கன்னு விடாம குறிச்சு வெச்சார். 1761 ஜனவரி 12-ல அவர் காலமானார். நாலே நாள்ல ஊர் விழுந்துச்சு. பல்லக்கு போச்சு, தடி போச்சு. டைரி மட்டும் நிக்குது. அதனாலதான் அவர் நிக்குறார்.

கடவுளோட சம்பந்தி

குலச்சின்னங்களோட நிஜமான திருவிழாவைப் பார்க்கணும்னா மாசி மகத்தன்னிக்கு வைத்திக்குப்பம் வாங்க. பௌர்ணமியும் மக நட்சத்திரமும் சேர்ற நாள். மயிலம் முருகன், தீவனூர் பொய்யாமொழி விநாயகர், திண்டிவனம் சீனிவாசப் பெருமாள், உள்ளூர் மணக்குள விநாயகர்னு சுத்துப்பட்டுச் சாமிகள் எல்லாம் இந்தக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வரும். சேவல் கொடின்னா முருகன், கருடன்னா பெருமாள், ரிஷபம்னா சிவன், சிங்கம்னா அம்மன். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூடத் தூரத்திலிருந்தே கொடியைப் பார்த்து, வர்றது யாருன்னு சொல்லிடுவாங்க. கேடயத்துல படம் போட்டவனும் இதே வேலையைத்தான் செஞ்சான்.

வம்சாவளி கதையும் உண்டு. இதே மாநிலத்துக் காரைக்கால் பக்கம் திருமலைராயன்பட்டினத்துக்கு மாசி மகத்துக்கு திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் வருவார். அங்கே மீனவங்க அவரை என்னன்னு கூப்பிடுவாங்க தெரியுமா? 'மாப்பிள்ளை'! மீனவர் வீட்டுப் பொண்ணு பத்மினியைக் கட்டிக்கிட்டவராம் பெருமாள். அதனால சாமியை மாமனார் வீட்டு உரிமையோட வரவேற்பாங்க. லண்டன் ஆபீஸ்ல பதிவு கிடையாது, கேடயம் கிடையாது. ஆனா கடவுளுக்கே பொண்ணு கொடுத்த குடும்பம்னு சொல்ற கெத்து இருக்கே... எந்த பாரனெட்டுக்கு வரும்?

உங்க பைக் மேல என்ன சின்னம்?

இவ்வளவு தூரம் வந்தாச்சு. ஒண்ணு கேட்கலாமா? கோபப்படக் கூடாது.

நம்ம காலேஜ் பார்க்கிங்ல நிக்குற பைக்குகளைப் பாருங்க. சில வண்டியில 'ஆண்ட பரம்பரை'ன்னு ஸ்டிக்கர். கையில கலர் கயிறு, எந்தக் கலர் எந்தச் சாதின்னு பசங்களுக்கு மனப்பாடம். இதுவும் கேடயச் சின்னம்தான், என்ன, காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்ல பதிவு பண்ணலை. கேடயத்துல படம் போட்டதுக்கு முதல் காரணம், சண்டையில யாரை வெட்டணும், யாரை விடணும்னு தெரியறதுக்குத்தான். கிளாஸ் ரூம்ல அது எதுக்கு? பரம்பரைப் பெருமையோட அடியைத் தோண்டிப் பாருங்க, எங்கேயாவது ஒரு பில் கிடக்கும். கட்டினவன் பேர் அதுல இருக்காது. பாண்டிச்சேரி முற்றுகையில ரம்போல்டு பேர் இருக்கு. ஆற்காட்டுச் சீமையில கஞ்சிக்கு நின்னவன் பேர் எங்கே?

நம்ம பெரியவங்க இதையெல்லாம் யோசிக்காம இல்ல. 1929-ல செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல பேருக்குப் பின்னால சாதி வால் வேணாம்னு தீர்மானம் போட்டாங்க. அரசியல் சட்டம் 18-வது பிரிவு, ராணுவ, கல்விச் சிறப்பு தவிர எந்தப் பட்டமும் அரசாங்கம் கொடுக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. 1971-ல மகாராஜாக்களோட அங்கீகாரமும் மானியமும் போச்சு. ராணுவச் சிறப்பும் கல்விச் சிறப்பும் மட்டும் விதிவிலக்கு. அதாவது நம்ம நாட்டுல பேரோட ஒட்டிக்கிற பட்டம் வேணும்னா உட்கார்ந்து படிச்சு வாங்கறது ஒரு நேர்வழி. அதையும் பிள்ளைக்கு எழுதி வெக்க முடியாது. அவன் தனியா அரியர்ஸ் கிளியர் பண்ணியாகணும்!

நம்ம பேரையே பாருங்களேன். ஒரே ஒரு இனிஷியல். அப்பா பேர் முதல் எழுத்து, இப்ப சில பேர் அம்மா எழுத்தையும் சேர்த்துக்கிறாங்க. அதோட சரி. தாத்தா எழுத்து நம்ம பேர்ல இல்ல. ஒரு தலைமுறையைச் சுமந்தா போதும், மிச்சத்தை நீயே எழுதுன்னு விட்டுவெச்ச மாதிரி இருக்கில்ல?

அடுத்த தடவை பாண்டி போறப்ப வடக்கே நடங்க. முடிஞ்சா விடியக்காலையிலேயே போயிடுங்க, படகுகள் கரையேறுற நேரமா இருக்கட்டும். வலை இழுக்கிற அண்ணன்கிட்டப் பேச்சுக் கொடுங்க, ஆனா வேலையில குறுக்கே நிக்காதீங்க. படம் எடுக்கணும்னா ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுங்க. மீன் வாங்குங்க, ரொம்ப பேரம் பேசாதீங்க. படகுல எழுதியிருக்கிற பிள்ளை பேர்ல ஒண்ணு, உங்க கிளாஸ்ல பக்கத்து பெஞ்சுல உட்கார்ந்திருக்கிற பேராகூட இருக்கலாம். அந்தப் பேருக்கு முன்னால 'சர்' கிடையாது. ஆனா ஃபீஸ் இந்தக் கடல்லேர்ந்துதான் போயிருக்கு. ஒவ்வொரு ரூபாயும் கணக்குத் தெரிஞ்ச ரூபாய்.